விசில் அடித்தது யார் என்று கேட்பதற்கு முன்னால்

சேலத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கும் கேள்வி இது. மகன் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டிருந்தபோது பின் வரிசையிலிருந்து விசில், ஊளை. மறுநாள் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த ஒன்பது பையன்களையும் பத்து நாள் வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்புக்கு வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாய்வார்த்தையாகவும் சொல்லியாயிற்று. 'நான் விசிலே அடிக்கவில்லை' என்கிறான் மகன். பள்ளி செய்தது சரியா? போய்ச் சண்டை போடலாமா?

சண்டை வேண்டாம். ஆனால் கட்டாயம் போய்க் கேட்க வேண்டும். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் பந்தலுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். நான் முப்பத்தொரு வருடம் பி.டி. (உடற்கல்வி) வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். சேலம் டவுனில் பாதி, ஏற்காட்டில் ஏழு வருடம், மீதி ஓமலூர் பக்கம். பள்ளி விழா என்றால் பந்தல்காரருக்கு அடுத்தபடி அதிக நேரம் நின்றுகொண்டே இருப்பது நாங்கள்தான்.

நான் பொறுப்பில் இருந்த ஒரு விழாவையே சொல்கிறேன். சேலம்தான், பிப்ரவரி கடைசி. பள்ளியின் பெயர் வேண்டாம். அழைப்பிதழில் மாலை 4 மணி. விருந்தினர் காரை விட்டு இறங்கும்போது காலி நாற்காலி கண்ணில் படக் கூடாது என்று பிள்ளைகளை 2.30-க்கே கொண்டுவந்து உட்கார வைத்தோம். பிப்ரவரி முடியும்போதே நம் ஊர் வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஷாமியானாவுக்குள் காற்று அசையவில்லை. டான்ஸ் ஆடுகிற பிள்ளைகளுக்கு மத்தியானமே பவுடரும் லிப்ஸ்டிக்கும் போட்டாயிற்று. சோறு சாப்பிட்டால் கலைந்துவிடும் என்று ஆளுக்கு ஒரு ஜூஸ் பாக்கெட். தண்ணீர் கேன் ஆறு வைத்திருந்தோம், மூன்றரைக்கெல்லாம் காலி. பாத்ரூம் போகிறேன் என்று எழுந்த ஒரு பையனை, வரிசை கலையும், அப்புறம் போ என்று நானே தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

விருந்தினர் வந்தது 6.10-க்கு. பொன்னாடை, பூங்கொத்து, குத்துவிளக்கு (காற்றே இல்லாத பந்தலில் மேடை ஃபேன் காற்றுக்கு இரண்டு முறை அணைந்தது), அப்புறம் இருபத்திரண்டு பக்க ஆண்டறிக்கை. அவர் மைக்கைப் பிடித்தபோது மணி ஏழு தாண்டிவிட்டது.

நல்ல மனிதர்தான். செருப்பில்லாமல் நடந்துபோய்ப் படித்த கதையைச் சொன்னார். உண்மையான கதையாகத்தான் இருக்க வேண்டும், சொல்லும்போது குரல் தழுதழுத்தது. நாற்பதாவது நிமிடம் 'இறுதியாக ஒன்று சொல்லி விடைபெறுகிறேன்' என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னொரு கதையைத் தொடங்கினார். இரண்டாவது 'இறுதியாக' வந்தது. இந்த முறை கைதட்டல் நிற்கவே இல்லை, அரை நிமிடமாவது இருக்கும். மூன்றாவது 'இறுதியாக'வுக்குத்தான் விசில் வந்தது.

இதை நான் அப்போது கவனிக்கவில்லை, பிறகு யோசித்தபோதுதான் உறைத்தது. அந்தப் பிள்ளைகள் இரண்டு முறை மரியாதையாகவே சொல்லிப் பார்த்தார்கள். கைதட்டி உட்கார வைப்பது நாம் கற்றுக்கொடுத்த நாகரிகம்தானே? கல்யாண மேடையில் வாழ்த்துரை நீண்டால் பெரியவர்களே அதைத்தான் செய்கிறோம்.

சரி, விசிலுக்கு வருகிறேன். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஒருவன் இரண்டு விரலை நாக்குக்கு அடியில் மடித்து வைப்பதைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் அந்த விரல்களாலேயே, இன்னும் சரியாக முளைக்காத மீசையைச் சொறிந்துகொண்டான். அவனோடு சேர்த்து நான்கு பேரை வெளியே இழுத்தேன். மறுநாள் ஹெச்.எம். அறை வாசலில் முட்டி போட வைத்தோம். நாலாவது பையன் மட்டும் 'சார், நான் இல்லீங் சார்' என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நான் நம்பவில்லை. மூன்றாம் நாள், மீசையைச் சொறிந்த அதே பையன் ஸ்டோர் ரூமுக்கு வந்து, அவன் அடிக்கலீங் சார், அவனுக்கு விசில் அடிக்கவே வராது என்றான். பின் ஏன் அவனைப் பிடித்தேன்? அந்த வருடம் முழுக்க எதற்கெடுத்தாலும் அவனைப் பிடித்துப் பழகியிருந்தேன், அதனால்தான். நான் அவனிடம் வருத்தம் தெரிவித்தேனா என்றால், இல்லை. வாத்தியார் மன்னிப்புக் கேட்டால் மட்டு மரியாதை போய்விடும் என்று நினைத்த காலம்.

அதனால், உங்கள் மகன் சொல்வது உண்மையாக இருக்கலாம். பொய்யாகவும் இருக்கலாம். ஒரு வரிசையையே வாரி எடுத்துத் தண்டித்தால் எது உண்மை என்று தெரிந்துகொள்ளும் வழியே போய்விடுகிறது, என் வருத்தம் அதுதான். அடித்தவன் ஒன்பதில் ஒன்றாக ஒளிந்துகொள்கிறான். அடிக்காதவன், அடுத்த முறை அடித்துவிட்டே மாட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்கிறான்.

அன்று மாலை இன்னொன்றும் நடந்தது. கரகாட்டத்துக்கு மேடையேறிய பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியைப் பார்த்து, கூட்டத்திலிருந்து ஒருவன் ஒரு வார்த்தை கத்தினான். அதை இங்கே எழுத முடியாது. அவளுக்கு ஒரு அடி தப்பியது, சமாளித்து ஆடி முடித்தாள். மேடையில் இருந்தவர்களுக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு பெரிய மனிதர் சிரித்தார் என்றுகூட எனக்கு ஞாபகம். மறுநாள் விசிலுக்கு விசாரணை நடந்தது, அந்த வார்த்தைக்கு நடக்கவில்லை. அடுத்த வருடம் அவள் டான்ஸுக்குப் பெயரே கொடுக்கவில்லை.

பள்ளி விழாக்களில் ஒழுக்கம் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பது இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். விருந்தினர் முன்னால் நிர்வாகத்துக்கு மானக்கேடு வந்தால் அது குற்றம். ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை செய்தது என்றால் 'வயசு அப்படி'. என்னைக் கேட்டால் இதைத் தலைகீழாக்க வேண்டும். சலித்துப்போய் விசில் அடித்தவனுக்கு ஒரு கடுமையான பேச்சும், மறுநாள் மைதானத்தில் நாற்காலி அடுக்குகிற வேலையும் போதும். மேடையிலிருக்கும் பிள்ளையைக் கேலி செய்தவனைப் பெற்றோரை அழைத்துத்தான் பேச வேண்டும். சாதியைக் குறிக்கிற கலரில் கையில் கயிறு கட்டிக்கொண்டு வருவது, ஒரு குறிப்பிட்ட பாட்டு போட்டால் மட்டும் ஒரு கூட்டம் எழுந்து ஆடுவது, இதெல்லாம் இன்னும் பெரிய விஷயம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனைச் சாதிப் பகையில் அவன் வீட்டுக்குள் புகுந்து வெட்டிய பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. விழாவுக்குப் பாட்டு தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கவனிக்கிற பள்ளியில்தான் ஒழுக்கம் இருக்கிறது என்பேன். பாதிப் பள்ளிகளில் பாட்டு லிஸ்ட்டை டான்ஸ் மாஸ்டர் கையில் விட்டுவிடுகிறார்கள்.

பதினாறு வயதுப் பையன் கூட்டத்தில் ஒரு ஆள், தனியாக வேறு ஆள். இது எல்லா வாத்தியாருக்கும் தெரிந்ததுதான், ஆராய்ச்சியாகவும் செய்து பார்த்திருக்கிறார்கள். 2005-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கார் ஓட்டுகிற கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தபோது, தனியாக ஆடியதைவிட அதிகம் துணிந்து இறங்கினார்கள். 24 வயது தாண்டியவர்களிடம் கூட்டாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. இது விசிலுக்கு நியாயம் ஆகாது. ஆனால் முந்நூறு பையன்களை நாலு மணி நேரம் சும்மா ஒன்றாக உட்கார வைத்துவிட்டு, ஒவ்வொருவனும் வீட்டில் பாட்டி முன்னால் இருப்பதுபோல இருப்பான் என்று எதிர்பார்த்தால் தப்பு எதிர்பார்த்தவர் மேல்.

பெரியவர்கள் எப்படி இருக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. தன் பிள்ளை டான்ஸ் வந்ததும் பெற்றோர் செல்போனைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு முன்னால் போய் நிற்பார்கள். பின்னால் இருக்கிற நானூறு பேருக்கு அவர்கள் முதுகுதான் தெரியும். ஆடி முடித்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பரிசளிப்பு வரும்போது பாதி நாற்காலி காலி. நூற்றுக்கு நூறு எடுத்த பிள்ளை பந்தல்காரரின் ஆட்கள் பார்க்கப் பரிசு வாங்கும். ஆசிரியர்கள் நாங்கள் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று, பிள்ளைகளைப் பேசாதே என்று அதட்டிவிட்டு, சம்பளக் கமிஷன் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளிலேயே இருக்கிறது. பத்தே முக்காலுக்கு நன்றியுரை சொன்ன ஆண்டு விழாக்களை நானே பார்த்திருக்கிறேன். அந்த நன்றியுரையில் 'கட்டுப்பாடு காத்த மாணவச் செல்வங்களுக்கு' என்று ஒரு வரி வரும்.

இன்னொரு பக்கமும் உண்டு. தமிழ்த்தாய் வாழ்த்துக்கு ஒரு பிள்ளைகூட அசையாமல் நிற்கிறது, கவனித்திருக்கிறீர்களா? 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது 55 விநாடியில் பாட வேண்டும் என்றும் சொன்னார்கள். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எப்போது முடியும் என்று பிள்ளைக்குத் தெரியும். தெரிந்தால் நிற்கும். முடிவு தெரியாத காத்திருப்பைத்தான் அந்த வயதால் தாங்க முடியாது.

ஏற்காட்டில் இருந்தபோது இதை வேறு விதமாகக் கற்றுக்கொண்டேன். அங்கே மைதானம் என்பதே சரிவில் வெட்டி எடுத்த ஒரு தட்டு. 400 மீட்டர் டிராக்குக்கு இடமில்லை, 200 மீட்டர்தான் போட முடியும். முதல் வருடம் விளையாட்டு விழாவுக்கு, அதிகம் சேட்டை செய்கிற எட்டுப் பையன்களைப் பொறுக்கி எடுத்து 'வாலண்டியர்' என்று பேட்ஜ் குத்திவிட்டேன். பொறுப்பு கொடுத்தால் திருந்துவார்கள் என்று எங்கோ படித்த ஞாபகம். திருந்தவில்லை. பேட்ஜைக் குத்திக்கொண்டு கயிற்றுக்கு உள்ளே போய் நின்று, சின்னப் பிள்ளைகளைத் தள்ளிவிட்டார்கள். மத்தியானம் பேட்ஜைப் பிடுங்கினேன். யோசித்துப் பார்த்தால், நான் கொடுத்தது பேட்ஜ்தான், வேலை இல்லை.

அடுத்த வருடம் அதே கூட்டத்தில் ஒருவனிடம் டிராக்கைக் கொடுத்தேன். சுண்ணாம்பு, கயிறு, டேப், ஆணி, உதவிக்கு மூன்று பேர். வெளி லேனில் சுற்று நீளம் என்பதால், ஒரு முழுச் சுற்று ஓட்டத்துக்கு, 1.22 மீட்டர் அகல லேன் என்றால், இரண்டாவது லேனில் ஓடுபவன் 7.04 மீட்டர் முன்னால் நிற்க வேண்டும். டிராக் 200 மீட்டராக இருந்தாலும் 400 ஆக இருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. 'அதெப்படிங் சார் மாறாது, இது சின்ன டிராக்தானே' என்று சண்டைக்கு வந்தான். நான் விளக்கவில்லை, அளந்து பார் என்றேன். ஒரு சாயந்திரம் முழுக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வளைவைச் சுற்றி வந்தார்கள். விழாவுக்கு முந்தின நாள் கோடு போட்டு முடித்தார்கள். இரவு மழை. காலையில் போய்ப் பார்த்தால் மூன்றாவது லேன் வரைக்கும் கரைந்து பால் மாதிரி ஓடியிருக்கிறது, அதோடு மூன்றாவது லேன் தொடக்கக் கோடும் முதலிலேயே தப்பாகப் போட்டிருந்தது தெரிந்தது. 14.70 இருக்க வேண்டிய இடத்தில் 14.08. இரண்டாவது லேன் கணக்கையே இரண்டால் பெருக்கிவிட்டான். நான் திட்டவில்லை. எட்டரைக்கு மார்ச் பாஸ்ட், ஆறு மணிக்கு மறுபடி போடு என்றேன். பனிமூட்டம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. மூட்டத்துக்குள்ளிருந்து 'டேப்பை இழுடா, தொய்யுது' என்று அவன் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அன்று முழுக்கக் கோட்டை மிதித்த எவனையும், ஹெச்.எம். உட்பட, அவன் விடவில்லை.

அவன் அப்புறம் உத்தமனாகிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். அடுத்த மாதமே ஹாஸ்டல் சுவர் ஏறிக் குதித்து மாட்டினான். ஆனால் அன்றைக்கு, அந்த விழாவில், அவனால் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. விழா நடத்துகிறவனுக்கு அது போதும்.

அதே பாடத்தைப் பிறகு டவுனிலும் போட்டுப் பார்த்தேன். விருந்தினரை அழைக்கும்போதே பத்து நிமிடம் பேசுங்கள் என்று கேட்டுக்கொள்வோம். பலருக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. அவர் வரத் தாமதமானால் கலை நிகழ்ச்சியை முதலில் தொடங்கிவிடுவோம், விளக்கு அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம். ஆசிரியர்கள் பின்னால் நிற்காமல் பிள்ளைகள் நடுவே உட்கார வேண்டும். ஆறு வரிசைக்கு ஒருவர் இருந்தால் விசில் தானாக அடங்கும், கம்பு தேவையில்லை. பிளஸ் டூ பையன்களுக்குத் தண்ணீர், மைக், திரை, பார்க்கிங். எல்லாம் உண்மையான வேலை, தப்பினால் எல்லோருக்கும் தெரிகிற வேலை. அப்படியும் விசில் வந்தது. முன்பு வந்த அளவுக்கு இல்லை.

இனி சட்டம், சுருக்கமாக. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 16, எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை ஒரு பிள்ளையைப் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்கிறது. பிரிவு 17 உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்குத்தான், பதினொன்றாம் வகுப்புப் பையனுக்கு நேரடியாகப் பொருந்தாது. அதற்காகப் பள்ளி எதையும் செய்யலாம் என்று ஆகிவிடாது. உடல் தண்டனையை ஒழிப்பதற்குத் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த வழிகாட்டுதல்களைப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தச் சொல்லி 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கூட்டத்துக்கு முன் அவமானப்படுத்துவதும் அதில் அடங்கும். நான் முட்டி போட வைத்தேனே, அதுவும் இதில்தான் வரும். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு ஹால் டிக்கெட் தரமாட்டோம் என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். அது அரசுத் தேர்வுகள் இயக்ககம் தருவது, விசிலுக்காகப் பிடித்து வைக்கிற பொருள் இல்லை.

போகும்போது இப்படிப் போங்கள். முதலில் வீட்டில் பையனிடம் பேசுங்கள். யார் அடித்தது என்று கேட்காதீர்கள். காட்டிக் கொடுக்கச் சொன்னால் அதோடு உங்களிடம் பேசுவதையும் நிறுத்திவிடுவான். நீ என்ன செய்தாய் என்று மட்டும் கேளுங்கள். சிரித்தானா, பக்கத்தில் இருப்பவனைத் தூண்டிவிட்டானா? அதை அவனே ஒத்துக்கொண்டு எழுதட்டும். பள்ளி சொல்லிக் கொடுக்கிற மன்னிப்புக் கடிதத்தைக் காப்பி அடிக்க வேண்டாம், அவன் செய்ததற்கு அவன் வார்த்தையில் நாலு வரி போதும். செய்யாததற்கு எழுத வேண்டாம்.

ஹெச்.எம்.மிடம் மூன்று விஷயம் கேளுங்கள். இவன் செய்தான் என்று யார் பார்த்தது? பத்து நாள் என்பது எழுத்தில் இருக்கிறதா? அந்தப் பத்து நாள் பாடத்துக்கு என்ன ஏற்பாடு? குரலை உயர்த்தாதீர்கள். எழுத்தில் கேட்டதுமே பல நேரம் பத்து நாள் மூன்று நாளாகும். வேறு பள்ளி பாருங்கள் என்ற பேச்சையும் எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள். அப்படியும் டி.சி.யை நீட்டினால் வாங்காதீர்கள். தனியார் பள்ளிகளுக்கென்றே மாவட்டக் கல்வி அலுவலர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தைகளுக்கான 1098 எண்ணை அடி, அவமானம் மாதிரி விஷயங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் அந்த ஒன்பது வீட்டில் இன்னும் இரண்டு வீட்டாரைச் சேர்த்துக்கொண்டு போங்கள், ஒன்பது பேருமாகப் போகாதீர்கள். கூட்டமாகப் போனால் நிர்வாகம் கதவைச் சாத்திக்கொள்ளும். பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள், யூனிஃபார்மில். பத்தே முக்காலிலிருந்து பன்னிரண்டுக்குள் பாருங்கள். பிரேயர், லேட் வந்தவர்கள் பஞ்சாயத்து எல்லாம் அதற்குள் முடிந்திருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு மேல் எந்த ஹெச்.எம்.மையும் பார்க்கப் போகாதீர்கள், இது முப்பத்தொரு வருட அனுபவம்.

வெளியே வந்ததும் பையன் முகம் சுருங்கியிருந்தால் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். விசிலைப் பற்றி அன்றைக்கு மறுபடி பேச வேண்டாம்.